ஸ்கோன் சாப்பிட எங்கே போவது?

கோடை நெருங்கினால் ஊரிலிருந்து எனக்கு வரும் அழைப்புகளில் பாதி ஒரே கேள்வியோடுதான் வரும். "இங்கிலாந்துக்கு வருகிறோம். மூன்றடுக்குத் தட்டில் வைத்து டீயோடு தருவார்களே, அந்த ஸ்கோனை எங்கே சாப்பிடலாம்?" வருகிறவர்களுக்கு இருப்பது பத்து நாள். அரண்மனை, அருங்காட்சியகம், படகுச் சவாரி எல்லாம் போக இதற்கு மிஞ்சுவது ஒரே ஒரு மத்தியானம். தவறான இடத்துக்குப் போய்விட்டால், "இந்த வறட்டு ரொட்டிக்கா இவ்வளவு பேர்?" என்று கேட்டுக்கொண்டே விமானம் ஏறிவிடுவார்கள்.

நான் இருப்பது ரெடிங் நகரில். கிழக்கே அரை மணி நேரத்தில் லண்டன். மேற்கே ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் டெவன் பகுதியின் எக்ஸெட்டர். அதனால் இரண்டு பக்கமும் ஆட்களை அழைத்துக்கொண்டு போயிருக்கிறேன், வீட்டிலேயே சுட்டும் கொடுத்திருக்கிறேன். போன வருஷம் அத்தையும் மாமாவும் வந்து ஒரு மாதம் தங்கியபோது எல்லா வழிகளையும் அடுத்தடுத்துப் பார்க்க வாய்த்தது. லண்டனில் ஒரு பெரிய ஹோட்டல், டெவனில் ஒரு சின்னத் தேநீர்க்கடை, பழைய பிரபு மாளிகை ஒன்றின் உணவகம், கடைசியாக எங்கள் வீட்டு அடுப்பு. அத்தை சுத்த சைவம், முட்டையும் சேர்க்க மாட்டார். மாமாவுக்கு டீ கொதிக்கக் கொதிக்க இருந்தால் போதும், வேறு எதிலும் குறை சொல்ல மாட்டார். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடைக்காது.

இடங்களைப் பற்றிச் சொல்வதற்கு முன் நான் எதை வைத்து எடை போடுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருப்பது ஒரே படிக்கல்: அடுப்பிலிருந்து இறங்கி எவ்வளவு நேரம் ஆகிறது? வெள்ளித் தட்டும் பூப்போட்ட கோப்பையும் பியானோ இசையும் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

காரணம் ஸ்கோனின் பிறவிக் குணத்திலேயே இருக்கிறது. அது கேக்கும் இல்லை, பன்னும் இல்லை. மாவு, கொஞ்சம் வெண்ணெய், கொஞ்சம் சர்க்கரை, பால், உப்பச் செய்யப் பேக்கிங் பவுடர், அவ்வளவுதான். சாதாரண ஸ்பஞ்ச் கேக்கில் மாவு எவ்வளவோ அவ்வளவு வெண்ணெயும் அவ்வளவு சர்க்கரையும் போகும், முட்டை வேறு. அந்தக் கொழுப்பும் சர்க்கரையும்தான் கேக்கை இரண்டு மூன்று நாள் ஈரமாக வைத்திருக்கின்றன. ஸ்கோனில் வெண்ணெய் மாவில் கால் பங்கு, சர்க்கரை அதிலும் பாதி. ஆறத் தொடங்கியதும் மாவிலுள்ள ஸ்டார்ச் இறுகிக்கொண்டே போகும். இரண்டு மணி நேரத்தில் ஓரம் உதிரும், மாலைக்குள் தொண்டையை அடைக்கும். நம் இட்லி மாதிரிதான். தட்டிலிருந்து எடுத்த இட்லிக்குச் சட்னியே வேண்டியதில்லை. அதே இட்லி அடுத்த நாள் உப்புமாவாக உதிர்க்கத்தான் ஆகும். ஆறிப்போன இட்லியைத் தின்றுவிட்டு இட்லியே இப்படித்தான் என்று தீர்ப்புச் சொல்கிறவரிடம் நாம் என்ன சொல்வோம்? ஸ்கோனைப் பழிக்கிறவர்களில் பெரும்பாலோர் அந்த ரகம்.

ஸ்காட்லாந்துதான் இதன் பிறந்த வீடு. கவின் டக்ளஸ் என்ற ஸ்காட்லாந்துக் கவிஞர் வெர்ஜிலின் காவியத்தைத் தம் மொழியில் பெயர்த்தார், 1513இல். அதில்தான் இந்தச் சொல் முதன்முதலில் எழுத்தில் தென்படுகிறது. அந்தக் காலத்து ஸ்கோன் ஓட்ஸிலோ பார்லியிலோ தட்டி, நம் தோசைக்கல் போன்ற இரும்புக் கல்லில் சுட்டு, நான்காக வெட்டிய தட்டை ரொட்டி. இன்று நாம் பார்க்கும் உப்பலான உருவம் மிகவும் பிந்தியது. பர்மிங்ஹாமில் ஆல்ஃப்ரெட் பேர்ட் என்ற மருந்துக்கடைக்காரரின் மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்காக 1843இல் அவர் ஒரு பேக்கிங் பவுடரைத் தயாரித்தார். இரண்டு வருஷம் கழித்துப் பிரிஸ்டலில் ஹென்றி ஜோன்ஸ் உப்பும் தன்மையுள்ள மாவை, அதாவது செல்ஃப் ரெய்சிங் மாவை, காப்புரிமை செய்தார். அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு வீடு கால் மணியில் ஸ்கோன் சுட முடிந்தது. பெயரை எப்படி உச்சரிப்பது என்பதில் இந்த நாட்டில் இன்னமும் வழக்கு ஓய்ந்தபாடில்லை. ஸ்காட்லாந்துக்காரர்கள் 'ஸ்கான்' என்கிறார்கள், தெற்கே பலர் 'ஸ்கோன்' என்கிறார்கள். எப்படிக் கேட்டாலும் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள்.

முதலில் லண்டன் ஹோட்டல். வருகிறவர்கள் மனத்தில் இருக்கும் படம் இதுதான். 1840களில் பெட்ஃபோர்டின் ஏழாவது கோமகளான அன்னா, வோபர்ன் மாளிகையில் மதிய உணவுக்கும் எட்டு மணி விருந்துக்கும் நடுவே வயிறு காய்வதைத் தாங்காமல் டீயும் ரொட்டியும் வெண்ணெயும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் என்றும், தோழிகளையும் சேர்த்துக்கொண்டார் என்றும், அதுவே மாலைத் தேநீர் விருந்தாக வளர்ந்தது என்றும் சொல்வார்கள். அவர் தட்டில் இருந்தது ரொட்டியும் கேக்கும்தான், ஸ்கோன் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. பிறகு வந்தன பெரிய ஹோட்டல்கள். லாங்ஹம் 1865இல் திறந்தது, ரிட்ஸ் 1906இல். இரண்டிலும் பாம் கோர்ட் என்ற கூடத்தில் இன்றும் இந்த விருந்து நடக்கிறது. ரிட்ஸ் போன்ற இடங்களில் ஒருவருக்கு 80 பவுண்டைச் சுற்றி ஆகும். பல வாரங்களுக்கு முன்பே மேசை பிடித்து வைக்க வேண்டும், ஆண்கள் கோட்டு அணிந்து வர வேண்டும். சற்று எளிய ஹோட்டல்களில் 40, 50 பவுண்டுக்கும் கிடைக்கிறது. இதற்கு மேல் சேவைக் கட்டணம் என்று எட்டில் ஒரு பங்கு சேர்ப்பது வழக்கம்.

அந்தப் பணத்துக்கு வருவது ஸ்கோன் மட்டும் இல்லை. அடித்தட்டில் விரல் நீளத்துக்கு வெட்டிய வெள்ளரிக்காய், முட்டை, சால்மன் சான்ட்விச்சுகள். நடுத்தட்டில் ஸ்கோன். மேல்தட்டில் கண்ணைப் பறிக்கும் சின்னச் சின்னக் கேக்குகள். கீழிருந்து மேலே போவது முறை. சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. நாங்கள் போன ஹோட்டல் மேலே சொன்ன இரண்டும் இல்லை, பெயரும் இங்கே வேண்டாம். மூன்று தட்டையும் ஒரே சமயத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். அத்தைக்குச் சைவ சான்ட்விச் தனியாக வரவேண்டியிருந்தது, அதற்குப் பதினைந்து நிமிடம். மாமா சுற்றிலும் பார்த்து, பியானோக்காரரைப் புகைப்படம் எடுத்து, டீயில் இரண்டாம் கோப்பைக்கு வந்தபோது ஸ்கோன் ஆறிப்போயிருந்தது. அத்தை ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டு, "நம் ஊர் பேக்கரி பன் இதைவிட மெத்தென்று இருக்குமே?" என்று என்னிடம் காதோடு சொன்னார். எண்பது வருஷ வெள்ளிப் பாத்திரங்கள் பக்கத்தில் இருக்க, பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதற்கு மருந்து உண்டு. உட்கார்ந்ததும் பரிமாறுகிறவரிடம், "ஸ்கோனைப் பிறகு சூடாகக் கொண்டுவர முடியுமா?" என்று கேளுங்கள். நல்ல ஹோட்டல்களில் கேட்காமலேயே தனிச் சுற்றாக, துணியில் சுற்றிக் கொண்டுவருவார்கள். கேட்டால் மறுப்பவர்கள் அபூர்வம். நாங்கள் கேட்கத் தெரியாமல் இருந்துவிட்டோம். இன்னொன்று, இந்த விருந்தை 'ஹை டீ' என்று சொல்லிக் கேட்காதீர்கள். பழைய வழக்கில் ஹை டீ என்பது ஆலையிலிருந்து வீடு திரும்பிய தொழிலாளிக் குடும்பம் சாயங்காலம் உயரமான சாப்பாட்டு மேசையில் இறைச்சியும் ரொட்டியுமாகச் சாப்பிட்ட முழு உணவு. சீமாட்டிகளின் தாழ்ந்த மேசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெயரில் 'உயர்' என்று இருப்பதால் அதுதான் பெரிய மனிதர் விருந்து என்று ஆசிய நகரங்களின் ஹோட்டல்கள் பலவற்றில் அட்டையில் அச்சடித்துவிட்டார்கள்.

ஹோட்டலில் உண்மையிலேயே உயர்ந்து நிற்பது டீ. தேயிலைப் பட்டியலே ஒரு பக்கம் நீளும், எத்தனை முறை கேட்டாலும் புதிதாகப் போட்டுத் தருவார்கள். மாமா நுவரெலியாத் தேயிலையைத் தேர்ந்தெடுத்தார். கண்டிக்கு அருகே லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை பயிரிட்ட பிறகு இலங்கை மலைகள் முழுக்கப் பரவிய பயிர் அது. மலையைத் திருத்தியதும் கொழுந்து பறித்ததும் திருச்சி, மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து போன நம் மக்கள். அத்தை வழியில் ஒரு பெரியவர் கண்டிச் சீமைக்குப் போய்த் திரும்பவே இல்லை என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். அதனால் மாமா அந்தக் கோப்பையை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். அன்று மேசையில் இருந்தவற்றில் மாற்றுக் குறையாதது அதுதான்.

அடுத்த வாரம் டெவன். இங்கே பேர் 'கிரீம் டீ'. பெயரைக் கேட்டதும், "டீயில் பாலாடையைப் போட்டுத் தருவார்களோ?" என்று மாமா கலவரப்பட்டார். அப்படி இல்லை. ஒரு பாத்திரம் டீ, இரண்டு ஸ்கோன், ஒரு கிண்ணம் ஸ்ட்ராபெரி ஜாம், ஒரு கிண்ணம் கிளாட்டட் கிரீம். அவ்வளவே. சான்ட்விச் கிடையாது, கேக் கிடையாது, அடுக்குத் தட்டும் கிடையாது. பத்துப் பவுண்டுக்கு இரண்டு கூடக் குறைய இருக்கும். வந்த பொருள் கொஞ்சம் என்பதால் மறைந்துகொள்ள இடம் இல்லை. ஸ்கோன் மோசமாக இருந்தால் மொத்த விருந்தும் மோசம். அந்தப் பயம் கடைக்காரர்களுக்கும் இருக்கிறது.

கிளாட்டட் கிரீமைப் பற்றி நின்று நிதானமாகச் சொல்லத்தான் வேண்டும். பாலின் கொழுப்பு மிகுந்த பகுதியை அகலமான பாத்திரத்தில் ஊற்றி, கொதிக்கவிடாமல் மெல்லிய சூட்டில் மணிக்கணக்கில் வைத்து, பிறகு அசைக்காமல் ஆறவிடுவார்கள். மேலே பொன்னிறத்தில் ஓர் ஆடை கட்டும், அடியில் வெண்ணெய்க்கும் கிரீமுக்கும் நடுவில் ஒரு பதம். கரி அடுப்பில் பால் சுண்டக் காய்ந்தபின் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டும் பாலாடையை வழித்துத் தின்றிருப்பவர்களுக்கு அந்த வாசனை உடனே பிடிபடும். அத்தை ஒரு கரண்டி எடுத்து நாக்கில் வைத்ததும் முகம் மாறியது. ஸ்கோனைத் தொடாமலே பாதிக் கிண்ணத்தை முடித்தார். கொழுப்பு குறைந்தது 55 சதவீதம் இருக்க வேண்டும் என்பது கணக்கு, இங்கே கடைகளில் கிடைக்கும் கெட்டியான டபுள் கிரீமே 48தான். டெவனை ஒட்டிய கார்ன்வாலில் செய்வதற்கு 1998இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்புப் பெற்ற பெயர் கிடைத்தது. மதுரை மல்லிக்கு நாம் வாங்கிய புவிசார் குறியீடு போன்றதுதான் அது, பாலும் கார்ன்வால் பாலாகவே இருக்க வேண்டும். லண்டன் ஹோட்டல்களும் இதே கிரீமை வரவழைத்துத்தான் தருகின்றன. ஆனால் அங்கே அது இருபது பண்டத்தில் ஒன்று.

டெவனா, அதை ஒட்டிய கார்ன்வாலா என்று அடுத்த கேள்வி வரும். இரண்டு ஊர்க்காரர்களுக்கும் இதில் மானப் பிரச்சினை இருக்கிறது. டெவனில் ஸ்கோன் மேல் முதலில் கிரீம், அதன் மேல் ஜாம். கார்ன்வாலில் முதலில் ஜாம், பிறகு கிரீம். வேடிக்கை என்று நினைக்காதீர்கள். 2018இல் கார்ன்வாலின் லான்ஹைட்ராக் மாளிகை, அன்னையர் தினத் தேநீருக்கு வெளியிட்ட விளம்பரப் படத்தில் கிரீமை அடியிலும் ஜாமை மேலேயும் வைத்துவிட்டது. மாளிகையைப் பராமரிக்கும் அமைப்பின் உறுப்பினர் அட்டையைத் திருப்பித் தருவதாக ஆட்கள் கொதித்தெழ, நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது. கார்ன்வால்காரர்கள் பக்கம் ஒரு நியாயம் உண்டு. சுடச்சுட இருக்கும் ஸ்கோனில் நேராகக் கிரீமை வைத்தால் உருகி வழியும், ஜாம் நடுவில் இருந்தால் தாங்கும். டெவன்காரர்கள் கிரீமை வெண்ணெய் இடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள், ரொட்டியில் ஜாமுக்கு மேலா வெண்ணெய் தடவுவோம்? இரண்டையும் பொறுமையாகக் கேட்ட அத்தை, "தயிர்சாதத்தின் மேல் மாவடு வைப்போமா, மாவடுவின் மேல் தயிர்சாதத்தைக் கொட்டுவோமா?" என்று கேட்டுவிட்டு டெவன் முறையில் இறங்கினார். நான் சூட்டைப் பார்த்து முடிவெடுப்பவன். கை பொறுக்காத சூடு என்றால் ஜாம் முதலில், வெதுவெதுப்பு என்றால் அத்தை கட்சி.

டெவனில் டாவிஸ்டாக் என்ற ஊரின் மடத்தில் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே துறவிகள் ரொட்டியில் கிரீமும் ஜாமும் வைத்துக் கொடுத்தார்கள், கிரீம் டீ அங்கே பிறந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். இருக்கட்டும். ஆனால் அது ரொட்டி. ஸ்கோனுக்கு முன்னால் இந்தப் பகுதிகளில் கிரீமுக்குத் துணையாக இருந்தது ஈஸ்ட் போட்டுச் செய்யும் 'ஸ்ப்ளிட்' என்ற மெத்தென்ற பன். அதைப் பிளந்து கிரீமும் கரும்புப் பாகும் ஊற்றினால் அதற்கு 'இடியும் மின்னலும்' என்று பெயர். எங்கேயாவது பட்டியலில் ஸ்ப்ளிட் கண்ணில் பட்டால் ஸ்கோனை விட்டுவிட்டு அதை வாங்குங்கள், சுலபத்தில் அகப்படாது.

ஒரே நாளில் போய்த் திரும்புகிறவர்களுக்கு என் யோசனை டெவன்தான். லண்டன் பேடிங்டனிலிருந்து எக்ஸெட்டருக்கு இரண்டு முதல் இரண்டரை மணி நேரம். கார்ன்வாலின் ட்ரூரோ வரை போக நாலரை மணி நேரத்தை ஒட்டி ஆகும், அங்கே ஓரிரவாவது தங்காமல் போவது வீண் அலைச்சல். ரயில் டிக்கெட் கடைசி நேரத்தில் எடுத்தால் ஹோட்டல் விருந்தை எட்டிப் பிடிக்கும் விலை, சில வாரம் முன்பே எடுத்தால் பாதிக்கும் கீழ். இந்தப் பயணச் செலவைக் கணக்கில் சேர்க்காமல் "பத்துப் பவுண்டுதானே" என்று பேசுவது நியாயம் ஆகாது. நேரத்தைப் பற்றியும் ஒன்று. தேநீர் என்றால் நாலு மணி என்று புத்தகங்கள் சொல்லும். சின்னக் கடைகளில் காலையில் ஒரே ஈடுதான் சுடுவார்கள், நாலு மணிக்குப் போனால் கிடைப்பது ஐந்து மணி நேரம் ஆன ஸ்கோன். பதினொன்றரைக்குப் போய் உட்காருங்கள். நாங்கள் அப்படித்தான் போனோம். பிளந்தபோது ஆவி வந்தது. கத்தி தேவைப்படவில்லை, இடுப்பில் விரலை வைத்துத் திருகினால் இரண்டாகப் பிரிந்தது. நல்ல ஸ்கோனுக்கு அதுதான் அடையாளம்.

மூன்றாவது வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1895இல் தொடங்கிய நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து முழுக்க ஐந்நூறுக்கும் மேற்பட்ட பழைய மாளிகைகளையும் தோட்டங்களையும் பராமரிக்கிறது. அநேகமாக எங்கே போனாலும் ஓர் உணவகம், அதில் ஸ்கோன். அந்த அமைப்பின் 244 இடங்களில் ஸ்கோன் சாப்பிட்டு முடிக்க ஒரு பெண்மணி பத்து வருஷம் எடுத்துக்கொண்டு, 2023இல் வட அயர்லாந்தில் கடைசி ஸ்கோனைச் சாப்பிட்டார் என்றால் இந்த நாட்டில் இது எவ்வளவு ஊறிப்போன வழக்கம் என்று தெரிந்துகொள்ளலாம். தட்டை நாமே தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும், கோப்பை தடிமனானது, விலை கிரீம் டீக் கடையை ஒட்டியே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் ஈடு ஈடாகச் சுட்டு இறக்குவார்கள், சூடாகவே கிடைக்கும். அதே இடத்தில் மழை பெய்யும் செவ்வாய்க்கிழமை போனால் காலை ஸ்கோன் கண்ணாடிப் பெட்டிக்குள் காத்திருக்கும். வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பில்தான் செய்கிறார்கள் என்பது 2024இல் பத்திரிகைகளில் பெரிய சண்டையானது. பால் பொருளே சேர்க்காதவர்களுக்கு அது வரம். எனக்கு, வெண்ணெய் வாசனை இல்லாத ஸ்கோன் நெய் விடாத பொங்கல். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு மட்டும் இதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், ஓட இடம் இருக்கிறது, கோப்பை உடைந்தாலும் யாரும் முறைக்க மாட்டார்கள்.

சைவக்காரர்களுக்கு எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரு குறிப்பு. ஸ்கோன் மாவில் சிலர் முட்டை சேர்ப்பார்கள், சேர்க்காதவர்களும் பளபளப்புக்காக மேலே முட்டையைத் தடவுவார்கள். பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. இந்த நாட்டுச் சட்டப்படி ஒவ்வாமை தரும் 14 பொருட்கள் எந்தப் பண்டத்தில் இருந்தாலும் கடைக்காரர் சொல்லியாக வேண்டும், முட்டையும் அதில் ஒன்று. ஒவ்வாமைப் பட்டியலைக் கேளுங்கள். "சைவமா?" என்று கேட்டால் ஆம் என்பார்கள், அவர்கள் கணக்கில் முட்டை சைவம்தான். டெவன் கடையில் பட்டியலைப் பார்த்துவிட்டு முட்டை தடவாததாக இரண்டை எடுத்துக் கொடுத்தார்கள்.

வடக்கே யார்க்‌ஷருக்கோ ஸ்காட்லாந்துக்கோ போகிறவர்கள் இந்தக் கணக்கையே மறந்துவிடலாம். ஹாரோகேட்டில் 1919 முதல் இருக்கும் பெட்டிஸ் தேநீரகத்தில் 'ஃபேட் ராஸ்கல்' என்று உள்ளங்கையளவு பெரிய, உலர்பழமும் பாதாமும் வைத்த ஸ்கோன் கிடைக்கும். ஸ்காட்லாந்தில் உருளைக்கிழங்கு ஸ்கோன், கல்லில் ஊற்றிச் சுடும் டிராப் ஸ்கோன் எல்லாம் உண்டு. பின்னது நம் ஊத்தப்பத்துக்குத் தம்பி. எலிசபெத் ராணி, ஸ்காட்லாந்தில் உள்ள தம் பால்மோரல் மாளிகையில் விருந்தாளியாக வந்துபோன அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு 1960இல் தம் கைப்பட எழுதி அனுப்பிய செய்முறை இதற்குத்தான்.

இனி வீட்டு அடுப்பு. என் படிக்கல்லை வைத்தால் மற்ற மூன்றும் இதற்குக் கீழேதான், ஏனென்றால் அடுப்புக்கும் வாய்க்கும் நடுவே பத்து நிமிடம்கூட ஆகாது. டெவனை உயர்த்திப் பிடித்த அந்தக் கிரீமும் இன்று சின்ன டப்பாவில் எந்த சூப்பர்மார்க்கெட்டிலும் கிடைக்கிறது. ஐந்து பவுண்டை ஒட்டிய செலவில் நாலு பேருக்கு முடிந்துவிடும்.

225 கிராம் செல்ஃப் ரெய்சிங் மாவு, 55 கிராம் குளிர்ந்த வெண்ணெய், 25 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, 150 மில்லி பால். ஊரில் செய்கிறவர்கள் அதே அளவு மைதாவில் மூன்று டீஸ்பூன் பேக்கிங் பவுடரைச் சேர்த்து இரண்டு முறை சலித்துக்கொள்ளலாம். வெண்ணெயை மாவில் போட்டு விரல் நுனியால் தேய்த்துத் தேய்த்துப் புட்டு மாவுப் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். உள்ளங்கை படக் கூடாது, சூட்டில் வெண்ணெய் உருகிவிடும். பிறகு பாலை ஊற்றி, கத்தியால் நாலு கிளறு கிளறி, ஒன்றுசேர்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். முதல் தடவை நான் கைப்பழக்கத்தில் சப்பாத்திக்குப் பிசைவதுபோல் ஐந்து நிமிடம் பிசைந்து தள்ளினேன். பிசையப் பிசைய மாவில் பசை இழுபடும், சப்பாத்திக்கு அது வேண்டும், ஸ்கோனுக்கு அதுவே எமன். அன்று வெந்து வந்ததைக் கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம். மாவை இரண்டரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டி, வட்ட அச்சை நேராக அழுத்தி எடுக்க வேண்டும். திருகினால் ஓரம் மூடிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும். மேலே மட்டும் பால் தடவி, 220 டிகிரியில் நன்றாகக் காய்ந்த ஓவனில் 12 முதல் 15 நிமிடம். அச்சு போக மிஞ்சிய மாவைத் திரட்டி மறுபடி தட்டுவது சற்று அழுத்தமாகத்தான் வரும், அதைச் சமைத்தவர் சாப்பிட வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

வெண்ணெய் தேய்க்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஆஸ்திரேலியாவில் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். 350 கிராம் செல்ஃப் ரெய்சிங் மாவு, 175 மில்லி கிரீம், 175 மில்லி லெமனேட். லெமனேட் என்றால் நம் எலுமிச்சைச் சாறு இல்லை, வாயு அடைத்த நிறமற்ற இனிப்புச் சோடா. சர்க்கரை வேலையும் கொஞ்சம் உப்பும் வேலையும் அதுவே பார்த்துக்கொள்ளும், கொழுப்புக்குக் கிரீம் இருக்கிறது. கலந்து, தட்டி, சுட்டுவிட வேண்டியதுதான். இரண்டிலும் முட்டை இல்லை. இரண்டையும் ஒரே நாளில் செய்து பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டுப் பார்த்தோம். லெமனேட் ஸ்கோன் பஞ்சு, பல் இல்லாதவரும் சாப்பிடலாம், ஆனால் பன்னின் சாயல். வெண்ணெய் ஸ்கோனுக்கு வெளியே ஒரு மெல்லிய மொறுமொறுப்பு, உள்ளே இதழ் இதழாகப் பிரியும். என் ஓட்டு வெண்ணெய்க்கு. மாமாவும் குழந்தைகளும் லெமனேடுக்கு. அத்தை எதற்கும் ஓட்டுப் போடவில்லை, எழுந்து போய் மறுபடி டீ போட்டுக்கொண்டு வந்தார். அவர் அப்படி எழுந்தால் சாப்பாடு பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

கடையில் நாலு நாலாகப் பொட்டலம் கட்டி விற்கும் ஸ்கோன் ஐந்தாவது வழி. அவசரத்துக்கு ஆகும். மைக்ரோவேவில் வைக்காதீர்கள், ரப்பர் ஆகிவிடும். 160 டிகிரி ஓவனில் ஐந்து நிமிடம் வைத்தால் ஓரளவு உயிர் வரும்.

ஆகையால் இங்கே உறவினர் வீட்டில் தங்குகிறவர்கள் ஸ்கோனுக்கு வெளியே போகவே வேண்டாம், டப்பா கிரீமை வாங்கி வைக்கச் சொல்லிவிட்டு வந்து சேருங்கள். அறுபதாம் கல்யாணம், முதல் வெளிநாட்டுப் பயணம், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு புகைப்படம் எடுத்துக்கொள்ள ஒரு நாள் என்று ஏதாவது காரணம் இருந்தால் ஹோட்டலுக்குப் போங்கள். அங்கே நீங்கள் பணம் கொடுப்பது அந்த இரண்டு மணி நேரத்துக்கும் டீக்கும்தான், ஸ்கோன் உபரி என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இராது. ஹோட்டலில் தங்கும் சுற்றுலாக்காரருக்கு ஒரே ஒரு நாள் இருந்து, லண்டனுக்கு வெளியே கொஞ்சம் பச்சையைப் பார்க்கவும் ஆசை இருந்தால் எக்ஸெட்டர் ரயிலைத் தவிர வேறெதையும் நான் சொல்ல மாட்டேன்.

வருகிற மே மாதம் தம்பி குடும்பத்தோடு வருகிறான். ஹோட்டல்தான் வேண்டும் என்று அவன் மனைவி இணையத்தில் படமெல்லாம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். நான் மறுபேச்சுப் பேசாமல் காலை ரயிலில் எக்ஸெட்டருக்கு நாலு டிக்கெட் எடுத்துவிட்டேன், திரும்பும்போது கிரீம் வாங்கிவர ஐஸ் பையும் எடுத்து வைத்தாயிற்று. மறுநாள் காலை மாவு கலப்பது அவள் பொறுப்பு. சப்பாத்திக்குப் பிசைவதுபோல் கையை வைத்தால் மட்டும் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொள்வேன்.